அருகிருந்து கேட்டவர்கள்

வானொலியில் அமர்ந்துகொண்டு தொலைக்காட்சியைப் பற்றிப் பேசுவது சிறிது விந்தையாகத் தோன்றலாம். ஒரு வீட்டில் விருந்துண்டபடியே அடுத்த வீட்டுச் சமையலைப் புகழ்வது போன்றது அது. ஆயினும் இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கண்ணைக் காட்டிலும் காதையே பெரிதும் சார்ந்திருப்பதால் நேயர்கள் பொறுத்தருள்வார்கள் என்று நம்புகிறோம்.

மேனாட்டுச் சங்கீத மேதைகளின் வாழ்க்கையைத் தொலைக்காட்சி நாடகமாக்கும் வழக்கம் இங்கிலாந்தில் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வேரூன்றிவிட்டது. பின்னர் இத்தாலியர் தம் வெர்டியின் வரலாற்றை 1982-ஆம் ஆண்டில் நெடுந்தொடராக எடுத்தனர். பிரெஞ்சுக்காரர் அதே ஆண்டில் மோஸார்ட்டை எடுத்தனர். இவ்வகைப் படங்களுட் சிலவற்றை அண்மையில் அடுத்தடுத்துக் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கண்டு முடித்துச் சில நாட்கள் கழித்து, மனத்தில் எஞ்சி நிற்பவை யாவை என்று எண்ணிப் பார்த்தோம். கதாநாயகர்களின் முகங்கள் மங்கிவிட்டன. அவர்கள் அருகில் இருந்தவர்களின் முகங்களே தெளிவாக நின்றன. இது ஏன் என்று ஆராயப் புகுந்ததன் விளைவே இப்பேச்சு.

ஒரு வீரனின் கதையைப் படமாக்குவது எளிது. வாளை உருவினால் காட்சி பிறந்துவிடும். ஓவியனின் கதையும் அத்துணைக் கடினமன்று. திரைச்சீலையில் வண்ணம் ஏறுவதைக் காட்டலாம். சங்கீதம் இயற்றுகிறவனோ நாற்காலியில் அமர்ந்திருக்கிறான். அவன் உள்ளத்தில் கேட்கும் ஒலி நமக்குக் கேட்பதில்லை. எதைக் காட்டுவது? ஆகவே படமெடுப்போர் சில பழைய தந்திரங்களைக் கைக்கொள்கின்றனர். மெழுகுவத்தி எரியும்; சாளரத்துக்கு வெளியே இடி முழங்கும்; நாயகர் கலைந்த தலையுடன் பியானோவின் மீது குனிந்து நான்கு கட்டைகளை அழுத்துவார்; உடனே எங்கிருந்தோ எண்பது பேர் கொண்ட இசைக்குழு ஒலிக்கத் தொடங்கும். நம் நாட்டுப் பக்திப் படங்களில் கர்ப்பக்கிருகத்தின் மணி தானாக அசைவது போலத்தான் இதுவும். இத்தந்திரத்தை ஒருமுறை நம்பலாம். நான்கு படங்களில் நான்கு முறையும் நம்புவது அரிது.

இவ்விடர்ப்பாட்டிலிருந்து மீள ஒரு நேர்வழி உண்டு. இயற்றுகிறவனை விட்டுவிட்டு, அதைக் கேட்கிறவனைக் காட்டுவதே அது. பாட்டின் அருமை பாடுகிறவர் முகத்தில் தெரிவதைவிடக் கேட்கிறவர் முகத்தில் நன்றாகத் தெரியும் என்பதைக் கச்சேரிக்குச் செல்லும் எவரும் அறிவர். ஆதலால் இந்த நாடகங்களில் துணை நடிகர் என்று விளம்பரத்தில் சிறு எழுத்தில் போடப்படுகிறவரே உண்மையில் பெருஞ்சுமையைத் தாங்குகிறார். நமக்காக அவர் கேட்கிறார். அவர் கேட்டது பொய்யாக இருப்பின் நாடகம் முழுவதும் பொய்யாகிவிடும்.

இதற்கு மிகச் சிறந்த சான்று பி.பி.ஸி. நிறுவனம் 1968-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஒளிபரப்பிய 'ஸாங் ஆஃப் ஸம்மர்' என்ற கறுப்பு வெள்ளைப் படம். 'கோடை கீதம்' என்று அதைத் தமிழில் கூறலாம். எடுத்தவர் கென் ரஸ்ஸல். பிரெடரிக் டீலியஸ் என்ற ஆங்கில இசைப் புலவரின் இறுதி ஆண்டுகளே கதை.

டீலியஸ் 1862-இல் பிராட்போர்டு நகரில், ஜெர்மனியிலிருந்து குடியேறிய கம்பளி வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். தந்தை அவரை வணிகத்தில் ஈடுபடுத்த முயன்று முடியாமற்போகவே, அமெரிக்காவில் புளோரிடாவிலுள்ள ஓர் ஆரஞ்சுத் தோட்டத்தைக் கவனிக்க அனுப்பினார். அங்கே தோட்டம் தழைக்கவில்லை. கறுப்பின மக்கள் பாடிய பாட்டு அவர் காதில் விழுந்து உள்ளத்தில் தங்கிவிட்டது. பின்னர் பாரிஸுக்குத் தெற்கே கிரே என்ற சிற்றூரில், யெல்கா ரோஸன் என்ற ஓவியப் பெண்மணியுடன் வாழ்ந்தார். முதுமையில் கொடிய நோயொன்று அவரைப் பற்றியது. கண் பார்வை போயிற்று, கைகால்கள் செயலற்றன. மூளையோ சிறிதும் மழுங்கவில்லை. உள்ளே சங்கீதம் ஊறிக்கொண்டே இருந்தது. வெளியே வர வழியில்லை.

இச்செய்தி இங்கிலாந்தின் கடற்கரை நகரமான ஸ்கார்பரோவில் எரிக் பென்பி என்ற இளைஞரின் செவிக்கு எட்டியது. அவருக்கு வயது இருபத்திரண்டு. ஊமைப் படங்கள் ஓடும் கொட்டகையில் ஆர்கன் வாசித்தவர். முன்பின் அறியாத அப்பெரியவருக்கு 1928-இல் கடிதம் எழுதினார்: தங்கள் கையாக இருந்து எழுத நான் வரலாமா என்று கேட்டார். வரச்சொல்லிப் பதில் வந்தது. அவ்வாண்டு அக்டோபரில் கிரே சென்றவர், இடையிடையே ஊர் திரும்பினாலும், 1934-இல் டீலியஸ் காலமாகும் வரை அவ்வீட்டோடு பிணைந்துவிட்டார்.

வியாசர் சொல்ல விநாயகர் எழுதினார் என்ற கதையை நாம் குழந்தைப் பருவத்திலேயே கேட்டிருக்கிறோம். அங்கே சொன்னவருக்குச் சொற்கள் இருந்தன. இங்கே சொல்லப்பட வேண்டியவை ஸ்வரங்கள். அதுவும் ஒரே வேளையில் பிடில், குழல், கொம்பு, முழவு எனப் பல வாத்தியங்களுக்குரிய ஸ்வரங்கள். முதல் நாள் என்ன நிகழ்ந்தது? கிழவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, மேலும் கீழும் போகாத ஒரே குரலில், ஏதோ ஒன்றை முனகினார். எந்த ஸ்தாயி, எந்தக் காலப்பிரமாணம், எங்கே தொடக்கம், ஒன்றும் புலப்படவில்லை. இளைஞருக்குத் தலை சுற்றியது. தம்மால் இயலாது என்றே முடிவு கட்டினார். சுருதியற்ற அம்முனகலிலிருந்து ஒரு வழி காண அவர்கள் இருவரும் பட்ட பாடு சொல்லுந்தரமன்று. நாளடைவில் ஸ்வரத்தின் பெயர், அதன் நீட்டம், வாத்தியத்தின் பெயர் என்று பெரியவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, இளையவர் விரைந்து குறித்துக்கொண்டு, பியானோவில் வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்டு எழுதும் முறை அமைந்தது. படத்துக்குப் பெயர் தந்த 'கோடை கீதம்' என்ற இசைப் படைப்பும், மூன்றாவது பிடில் ஸொனாட்டாவும், பிரியாவிடைப் பாடல்களும் 1930-ஆம் ஆண்டளவில் இவ்வாறே உருப்பெற்றன.

இப்படத்தில் டீலியஸாக மாக்ஸ் ஏட்ரியனும், யெல்காவாக மோரீன் பிரையரும், பென்பியாகக் கிறிஸ்டபர் கேபிளும் நடித்தனர். ஏட்ரியனின் நடிப்பு அச்சமூட்டும் அளவுக்கு உண்மையானது. போர்வையில் சுற்றப்பட்டு, கறுப்புக் கண்ணாடி அணிந்து, பணியாள் தூக்கிச் செல்லும் மூட்டையாக வரும் அவ்வுருவத்தில் குரல் ஒன்றே உயிருள்ள உறுப்பு. அந்தக் குரலில் கனிவு அரிது. ஆனால் நாம் மீண்டும் மீண்டும் காண விழைந்தது கேபிளின் முகத்தையே. பெரியவர் கடலோரக் குன்றொன்றின் மேல் அமர்ந்திருப்பதாக எண்ணிக்கொள்ளச் சொல்கிறார். அலை எழுந்து தாழ்வதையும் கடற்பறவை மிதந்து செல்வதையும் எந்த வாத்தியம் எப்படிக் கூறவேண்டும் என்று விளக்குகிறார். இளைஞரின் கை எழுதுகிறது. எழுதும் அவசரம், பிழை நேருமோ என்ற நடுக்கம், சட்டென்று அது சங்கீதம்தான் என்று கண்டுகொண்ட வியப்பு, இவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்றாக அம்முகத்தில் ஓடுகின்றன. அந்த ஒரு நிமிடத்துக்காகவே இப்படத்தைக் காணலாம்.

கேபிளைப் பற்றி ஒன்று கூறவேண்டும். அவர் நாடக மேடையில் வளர்ந்தவரல்லர். லண்டன் ராயல் பாலே குழுவின் நடனக் கலைஞர். கெனத் மாக்மில்லன் என்ற நடன ஆசிரியர் 'ரோமியோ ஜூலியட்' நாட்டியத்தைக் கேபிளையும் லின் ஸீமோர் என்ற நங்கையையும் வைத்தே உருவாக்கினார். 1965-இல் அரங்கேற்றம் வந்தபோது, பெரும்புகழ் படைத்த நூரியெவும் பாண்டெயினும் முதல்நாள் ஆடினர். தம் உடம்பின் மீது அளந்து தைத்த ஆடையை வேறொருவர் உடுத்துவதைக் கேபிள் பார்த்துக்கொண்டிருக்க நேர்ந்தது. பின் காலில் மூட்டு நோய் கண்டு, 1967-இல் நடனக் குழுவை விட்டு நடிப்புக்கு வந்தார். மறு ஆண்டில் பென்பியாக நடித்தார். மற்றொருவர் புகழுக்குத் தன் இளமையைக் கொடுத்த ஒருவனின் பாத்திரத்துக்கு இவரைத் தேர்ந்தெடுத்தது தற்செயலோ, ரஸ்ஸலின் கூரிய பார்வையோ, எதுவாயினும் பொருத்தமாகவே அமைந்தது.

படம் பென்பியைத் தியாகியாக்கி மாலை சூட்டிவிடவில்லை என்பது அதன் பெருமை. அவர் ஆழ்ந்த கத்தோலிக்கப் பற்றுடையவர். டீலியஸோ கடவுள் இல்லை என்று சாதிப்பவர், இளைஞரின் நம்பிக்கையை ஏளனம் செய்பவர். தான் இயற்றிய இசையைத் தவிரப் பிறர் இசையை அவர் பெரிதும் மதித்தவருமல்லர். இத்தகையவரிடமிருந்து இத்துணை அழகு எங்ஙனம் பிறக்கிறது என்ற கேள்வி இளைஞரை வாட்டுகிறது. விடை கிடைப்பதில்லை. யெல்காவின் நிலையும் அதுவே. தூரிகையை வைத்துவிட்டு, கணவரின் நோய்க்கும் இசைக்கும் தம்மை ஒப்படைத்தவர் அவர். டீலியஸின் உயிரற்ற உடலின்மீது ரோஜா இதழ்களை அவர் தூவும் காட்சியில் பிரையர் ஒரு சொல்லும் பேசுவதில்லை. யெல்கா மறு ஆண்டே, 1935 மே மாதத்தில், கணவரின் உடல் இங்கிலாந்தில் மறு அடக்கம் செய்யப்பெற்ற இரண்டொரு நாளில் கண் மூடினார்.

பென்பி தம் அனுபவத்தை 1936-இல் நூலாக எழுதினார். படத்தின் உரையாடலிலும் ரஸ்ஸலுடன் பங்கு கொண்டார். அவர் இயற்றிய இசையில் எஞ்சியது சிறிதே. 1997-இல் தொண்ணூறாவது வயதில் மறைந்தபோதும் உலகம் அவரை டீலியஸின் எழுத்தராகவே நினைவுகூர்ந்தது. தமக்குரிய பாட்டை அவர் பாடாமற் போனாரா, அல்லது இதுவே அவருடைய பாட்டா? படம் முடிந்த பின்னும் இக்கேள்வி நம்மை விடவில்லை.

இதே ரஸ்ஸல் ஆறாண்டுகளுக்கு முன், 1962 நவம்பரில், எல்கரைப் பற்றி ஒரு படம் எடுத்திருந்தார். அக்காலத்தில் உண்மை மனிதர்களின் வாழ்வைக் கூறும் படங்களில் நடிகர்கள் வாய் திறந்து பேசுவதை அந்நிகழ்ச்சியின் ஆசிரியர் விரும்பவில்லை. ஆகவே எல்கராகவும் அவர் மனைவியாகவும் தோன்றியவர்கள் ஊமையாகவே நடமாடினர். விளக்கவுரை ஒருபுறம், எல்கரின் இசை ஒருபுறம். தடையே வரமாயிற்று எனலாம். இங்கே நமக்கு உறவான செய்தி ஒன்றுண்டு. எல்கரின் மனைவி ஆலிஸ் நம் நாட்டில், கச்சு நாட்டின் புஜ் நகரில் 1848-இல் பிறந்தவர். படைத் தலைவர் ஒருவரின் மகள். கடைக்காரர் மகனான எல்கரை அவர் மணந்தது உறவினருக்கு உவப்பாக இல்லை. தாள் வாங்கும் செலவைக் குறைக்க, வெறுந்தாளில் ஐந்து ஐந்து கோடுகளாகத் தம் கையாலேயே கிழித்துக் கணவரின் மேசைமேல் அவர் வைப்பாராம். குஜராத்தில் வாழும் நம் நேயர்கள் புஜ் நகருக்குச் செல்லும்போது இந்த அம்மையாரை ஒருமுறை நினைத்துக்கொள்ளலாம்.

கேட்பவர்களை வைத்தே ஒரு நாடகம் முழுவதையும் நடத்த முடியுமா என்று வினவினால், முடியும் என்று 2003-இல் பி.பி.ஸி. காட்டிய 'எராய்க்கா' விடையளிக்கிறது. 1804 ஜூன் மாதத்தில் வியன்னாவில் லாப்கோவிட்ஸ் இளவரசரின் மாளிகையில் பீத்தோவனின் மூன்றாவது சிம்பனி முதன்முதலாக ஒத்திகை பார்க்கப்பட்ட ஒரு நாளே கதை. சிம்பனி தொடக்கமுதல் இறுதிவரை வாசிக்கப்படுகிறது. ஜான் எலியட் கார்டினரின் இசைக்குழு, அக்கால வாத்தியங்களிலேயே வாசித்தது. பீத்தோவனாக வரும் ஐயன் ஹார்ட் நன்றாகவே நடித்திருக்கிறார். ஆயினும் காமிரா பெரும்பொழுது அறையில் அமர்ந்திருப்போரையே சுற்றி வருகிறது. ஒருவருக்கு எரிச்சல்; ஒருவருக்கு அயர்வு; ஒரு பெண்ணுக்குக் கண்ணீர்; பணியாட்களுக்குத் திகைப்பு.

பீத்தோவனின் மாணவர் ரீஸ் பட்ட பாடு சுவையானது. முதற்பகுதியில் ஓரிடத்தில், பிடில்கள் இன்னும் முந்தைய ஸ்வரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கையில், கொம்பு மட்டும் முன்கூட்டியே முதன்மையான இசைச் சொற்றொடரை எடுத்துவிடும். எடுப்புத் தவறிப் பல்லவியைத் தொடங்கியது போல் ஒலிக்கும். வாசிப்பவர் பிழை செய்துவிட்டார் என்று ரீஸ் வாய்விட்டுக் கூறிவிட்டார். அது ஆசிரியர் வேண்டுமென்றே வைத்த இடம்! கன்னத்தில் அறை விழாமல் தப்பியது அவர் நல்வினை என்று அவரே பிற்காலத்தில் எழுதியிருக்கிறார். ஒரு புதுமை எத்துணைப் புதிது என்பதை உணர்த்தப் பத்துப் பக்க விளக்கவுரையைவிட இந்தச் சிறு பாத்திரத்தின் தடுமாற்றமே போதும். நாடகத்தின் இறுதியில் முதியவர் ஹைடன் வந்து அமர்கிறார். பிராங்க் பின்லே என்ற பழுத்த நடிகர் அவ்வேடம் தாங்கினார். ஹைடனை அங்கே அமர்த்தியது நாடகாசிரியர் எடுத்துக்கொண்ட உரிமை. ஆனால் தம் காலம் முடிந்தது என்பதைக் காதால் கேட்டு அறியும் ஒரு பெரியவரின் முகத்தைப் பார்த்த பின், அவ்வுரிமையைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை.

பெரிய நடிகர்களைச் சிறிய வேடத்தில் இட்டால் எப்போதும் நன்மையே விளையும் என்று எண்ணிவிடக் கூடாது. டோனி பாமர் 1983-இல் 'வாக்னர்' என்ற நெடும்படத்தை எடுத்தார். முழுமையாகக் கண்டால் ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ரிச்சர்ட் பர்ட்டன் வாக்னர். பவேரிய மன்னரின் அமைச்சர்களாக வந்தவர்கள் யாவர் என்று நினைக்கிறீர்கள்? லாரன்ஸ் ஒலிவியர், ஜான் கீல்குட், ரால்ப் ரிச்சர்ட்ஸன். ஆங்கில நாடக மேடையின் மும்மூர்த்திகள் ஒரே அறையில்! வில்லியம் வால்ட்டன் என்ற மெய்யான இசைப் புலவரே ஸாக்ஸனி மன்னராக வேடமிட்டார். அம்மூவர் வரும்போதெல்லாம் நாம் அமைச்சர்களை மறந்து நடிகர்களைப் பார்த்தோம். வாக்னரையோ அடியோடு மறந்தோம். விருந்தில் ஊறுகாய் அளவுக்கு மீறிச் சுவைத்தால் சோறு இலையில் எஞ்சிவிடுவது போலாயிற்று. அதே படத்தில் கோஸிமாவாக வரும் வனெஸ்ஸா ரெட்கிரேவ் அந்தத் தவற்றைச் செய்யவில்லை.

திரையரங்குகளில் புகழ்பெற்ற 1984-ஆம் ஆண்டின் 'அமேடியஸ்' படத்தைப் பற்றி நேயர்கள் கேட்கக் கூடும். அதிலும் மரணப் படுக்கையில் மோஸார்ட் சொல்லச் சொல்ல ஸாலியேரி எழுதுகிறார். அது முற்றிலும் கற்பனை. அவ்விசையை மோஸார்ட்டின் மறைவுக்குப் பின் நிறைவு செய்தவர் ஸூஸ்மாயர் என்ற துணைவர். படத்தில் அவருக்கு இடமில்லை. துணை நின்றவர்களின் விதி பெரும்பாலும் இதுவே.

நம் சங்கீத மூர்த்திகளின் கதையில் இத்தகையோர் இல்லையா? 1946-இல் சித்தூர் நாகையா 'தியாகையா' என்ற தெலுங்குப் படத்தை இயக்கித் தாமே தியாகராஜ சுவாமிகளாக நடித்தார். அதன்பின்னும் பலர் முயன்றிருக்கின்றனர். அண்ணன் செய்த கொடுமையும், விக்கிரகம் ஆற்றில் வீசப்பட்டதும், மன்னரின் பொன்னை மறுத்ததும் நமக்கு மனப்பாடம். ஆயினும் அக்கிருதிகள் நம் காதுக்கு வந்து சேர்ந்த வழி யாது? வாலாஜாபேட்டை வேங்கடரமண பாகவதர் முதலிய சீடர்கள் குருவின் வாயிலிருந்து பிறந்ததைக் கற்று எழுதி வைத்தனர். உமையாள்புரத்திலும் தில்லைஸ்தானத்திலும் இருந்த சீடர்கள் பாடிப் பாடிக் காத்தனர். வாலாஜாபேட்டைச் சுவடிகள் மதுரை சௌராஷ்டிர சபையில் பாதுகாக்கப் பெற்றுள்ளன. பாகவதர் சௌராஷ்டிர சமூகத்தைச் சேர்ந்தவர். அவருடைய முன்னோர் மேற்கே கடலோர நாட்டிலிருந்து பெயர்ந்து தமிழகத்தில் குடியேறியவர்கள். வீட்டில் ஒரு மொழி, வீதியில் ஒரு மொழி, குருவின் பாட்டில் மூன்றாவது மொழி. மாதுங்காவிலும் கரோல்பாக்கிலும் கொல்கத்தா ஏரிப் பகுதியிலும் வாழும் நம்மவர்க்கு இந்நிலையைப் பற்றி விளக்க வேண்டுவதில்லை.

தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலுவும் ஊர் பெயர்ந்தவரே. திருவனந்தபுரம் சென்று சுவாதித் திருநாள் மகாராஜாவின் அவையில் அமர்ந்தார். அவருடைய பிடில் வாசிப்பை மெச்சி மன்னர் தந்தத்தால் இழைத்த பிடில் ஒன்றைப் பரிசளித்தார். மன்னர் பாட, வடிவேலு கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு காட்சியை நாம் பல நாள் கற்பனை செய்து பார்த்ததுண்டு.

நம் தொலைக்காட்சியில் என்றேனும் ஒருவர் திருவையாற்று நாடகத்தை மீண்டும் எடுப்பாராயின், தியாகராஜராக யார் நடிப்பது என்ற கேள்வியை அவர் இரண்டாவதாக வைத்துக்கொள்ளட்டும். முதலில் பாகவதரைத் தேடட்டும். அவருக்கு வசனம் அதிகம் வேண்டாம். பொழுது புலருமுன் குருவின் வீட்டுத் திண்ணையில், மடியில் ஓலையும் கையில் எழுத்தாணியுமாக அவர் அமர்ந்திருக்கிறார். உள்ளே தம்புரா சுருதி சேர்கிறது. சுவாமிகள் ஒரு அடியை எடுத்து, நிறுத்தி, மறுபடி வேறு விதமாக எடுக்கிறார். எழுத்தாணி ஓலையைத் தொடாமல் காத்திருக்கிறது.